கஷ்டம் வந்தால் அது கர்த்தரின் சிட்சைதானா? எதற்கென்று தெரியாமல் எப்படி மனந்திரும்புவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: உடல்நலம், வேலை, குடும்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடி விழுந்திருக்கிறது. "கர்த்தர் சிட்சிக்கிறார், மனந்திரும்புங்கள்" என்று கூட ஜெபிக்கிறவர்கள் சொல்கிறார்கள். எந்தப் பாவம் என்று தேடித் தேடித் தூக்கம் போய்விட்டது. சிட்சையும் தண்டனையும் ஒன்றுதானா? காரணமே தெரியாமல் எப்படி மனந்திரும்புவது?

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். தேவன் தம் பிள்ளைகளைச் சிட்சிக்கிறார், அதாவது கண்டித்துத் திருத்துகிறார் என்பது வேதத்தில் முதலிலிருந்து கடைசிவரை இருக்கிறது. அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட பாவத்துக்காக அவர் ஒருவரையோ ஒரு ஜனத்தையோ சிட்சிக்கும்போது, அந்தப் பாவம் எது என்பதையும் சொல்லிவிடுகிறார். அடியை மட்டும் கொடுத்துவிட்டு, காரணத்தை நீயே ஊகித்துக்கொள் என்று அவர் விட்டுவிடுவதை நான் வேதத்தில் பார்க்கவில்லை. அப்படி ஒரு வார்த்தை உங்களுக்கு வராதபோது, அந்த இடத்தை வேறு யாரும் நிரப்பக்கூடாது. நீங்களும் நிரப்பக்கூடாது. மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

எல்லாரும் உங்களிடம் சொல்லும் வசனத்திலிருந்தே தொடங்கலாம். "கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சித்து, தாம் சேர்த்துக்கொள்ளுகிற எந்த மகனையும் தண்டிக்கிறார்" (எபிரெயர் 12:6). நீதிமொழிகள் 3-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்து எழுதப்பட்ட வரி இது. இது யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். இரண்டு அதிகாரங்களுக்கு முன்னால், 10:32-34-இல், அந்த விசுவாசிகளின் கதை கொஞ்சம் தெரிகிறது. அவர்கள் நிந்தைகளால் வேடிக்கைப் பொருளானவர்கள். சிறையில் இருந்தவர்களுக்காகப் பரிதபித்தவர்கள். சொத்துக்கள் கொள்ளைபோனபோதும் சந்தோஷமாகச் சகித்தவர்கள். அவர்கள் பட்ட பாடு விசுவாசத்தை விட்டதற்காக வந்ததல்ல, விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததற்காக வந்தது. அவர்களிடம் நிருபத்தை எழுதியவர் "என்ன பாவம் செய்தீர்கள்?" என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. சோர்ந்துபோகாதீர்கள், இதைச் சிட்சையாக எண்ணிச் சகித்துக்கொள்ளுங்கள், தேவன் உங்களைப் புத்திரராக நடத்துகிறார் என்று தேற்றுகிறார். சோர்ந்தவர்களைத் தூக்கிவிட எழுதிய அதிகாரத்தை எடுத்து, சோர்ந்து கிடப்பவரை இன்னும் அழுத்துவதற்குப் பயன்படுத்துவது எனக்கு எப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அதே நிருபத்தில் 5:8-இல் இன்னொரு வரி இருக்கிறது. இயேசு குமாரனாயிருந்தும் பட்ட பாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்கிறது. பாவமில்லாதவரே பாடுகளின் வழியாகப் பழகினார் என்றால், பாடு வந்த இடத்திலெல்லாம் பின்னால் ஒரு பாவம் ஒளிந்திருக்கிறது என்று சொல்ல எபிரெயர் நிருபமே இடம் கொடுக்கவில்லை. உபாகமம் 8-ஆம் அதிகாரமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. நாற்பது வருட வனாந்தரப் பயணத்துக்குக் கலகம் காரணம் என்பது எண்ணாகமத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் மோசே அந்த நாட்களைத் திரும்பிப் பார்க்கும்போது, உன்னைச் சிறுமைப்படுத்தினார், பசியாயிருக்க விட்டார், அப்புறம் மன்னாவைக் கொடுத்தார், மனுஷன் அப்பத்தினால் மாத்திரம் பிழைப்பதில்லை என்று உனக்கு உணர்த்தினார் என்று ஒரு பாடசாலையை விவரிப்பதுபோல விவரிக்கிறார். அதற்குப் பிறகுதான், ஒருவன் தன் புத்திரனைச் சிட்சிக்கிறதுபோல கர்த்தர் உன்னைச் சிட்சிக்கிறார் என்ற வரி வருகிறது. பவுலுக்கு மாம்சத்தில் கொடுக்கப்பட்ட முள்ளும் இந்த வகைதான். செய்த பெருமைக்குக் கூலியாக அது வரவில்லை. இனிமேல் பெருமை வந்துவிடாதபடிக்குக் கொடுக்கப்பட்டது என்று அவரே எழுதுகிறார் (2 கொரிந்தியர் 12:7). மூன்று முறை வேண்டிக்கொண்டும் முள் போகவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது.

சரி, பாவத்துக்காகவே வரும் சிட்சை இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அந்த இடங்களை அடுத்தடுத்து வாசித்தால்தான் நான் முதலில் சொன்ன ஒழுங்கு கண்ணில் படும்.

தாவீதின் நாட்களில் மூன்று வருடம் தொடர்ந்து பஞ்சம் (2 சாமுவேல் 21:1). தாவீது கர்த்தருடைய சமுகத்தில் விசாரிக்கிறான். பதில் உடனே வருகிறது: முந்தின ராஜா சவுல் கிபியோனியரைக் கொன்றான், அதற்காக. யார், எந்தக் குற்றம் என்று பெயரோடு வருகிறது. ஆகாய் தீர்க்கதரிசியின் காலத்தில், அதாவது கி.மு. 520-இல், பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஜனங்கள் நிறைய விதைத்தும் கொஞ்சமே அறுத்தார்கள். கூலி வாங்கினாலும் பொத்தல் பையில் போட்டதுபோல் கரைந்தது. "உங்கள் வழிகளைச் சிந்தித்துப்பாருங்கள்" என்று சொன்ன தீர்க்கதரிசி அதோடு நிறுத்தவில்லை. ஆலயம் பாழாய்க் கிடக்க, நீங்கள் மச்சுப்பாவின வீடுகளில் இருக்கிறீர்களே என்று காரணத்தையும் சொன்னான். ஆறாம் மாதம் முதல் தேதியில் வார்த்தை வந்தது, அதே மாதம் இருபத்துநாலாம் தேதி வேலை தொடங்கிவிட்டது. இடையில் அவர்களுக்குக் கிடைத்த செய்தி: "நான் உங்களோடே இருக்கிறேன்." என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்ததால்தான் இவ்வளவு சீக்கிரம் திரும்ப முடிந்தது.

கொரிந்துவிலும் அப்படியே. உங்களில் அநேகர் பலவீனரும் வியாதியுள்ளவர்களுமாயிருக்கிறார்கள், சிலர் மரித்தும் போனார்கள் என்று பவுல் எழுதும்போது, அதற்குக் காரணத்தையும் எழுதுகிறார். கர்த்தருடைய பந்தி என்று கூடிவந்து, வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு வெட்கப்பட்டு நின்றார்கள் (1 கொரிந்தியர் 11:21-22). அதைச் சொன்ன பிறகுதான், உலகத்தோடே ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படாதபடிக்குக் கர்த்தராலே சிட்சிக்கப்படுகிறோம் என்கிறார். உங்களுடைய முதல் கேள்விக்கு இந்த 32-ஆம் வசனம்தான் சரியான பதில். நியாயத்தீர்ப்பு வேறு, சிட்சை வேறு. முந்தினதிலிருந்து காப்பாற்றுவதற்காகவே பிந்தினது வருகிறது. எபிரெயர் வசனத்தில் "தண்டிக்கிறார்" என்ற சொல்லும் இருப்பதால் சொல்லை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதைச் செய்கிறவர் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறாரா, தகப்பனாக நிற்கிறாரா என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். "நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது" (ஏசாயா 53:5) என்பதைக் கிறிஸ்துவைப் பற்றி நம்புகிறவருக்கு, நீதிபதி கேட்க வேண்டிய கணக்கு பாக்கி இல்லை. அவருடைய வாழ்க்கையில் என்ன வந்தாலும் பழைய கடனுக்கான வசூல் அல்ல அது.

ஆமோஸ் தீர்க்கதரிசியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிட்சையையும் மனந்திரும்புதலையும் இவ்வளவு நெருக்கமாகக் கட்டிய அதிகாரம் வேறு இல்லை. தெக்கோவா ஊர் மேய்ப்பன். இரண்டாம் யெரொபெயாமின் காலம், கி.மு. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. வடக்கு ராஜ்யத்தில் செல்வம் பெருகியிருந்தது, பலிபீடங்களில் கூட்டம் குறையவில்லை. நாலாம் அதிகாரத்தில் கர்த்தர் தாம் அனுப்பியவற்றை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அப்பம் குறைந்தது. அறுப்புக்கு மூன்று மாதம் இருக்கும்போது மழை நின்றது, ஒரு பட்டணத்தில் பெய்தது, அடுத்த பட்டணத்தில் பெய்யவில்லை. கருகலும் விஷப்பனியும் வந்தன, பச்சைப்புழு தோட்டங்களைத் தின்றது. கொள்ளைநோயும் பட்டயமும் வந்தன. கடைசியில் சோதோமைப்போல் ஒரு கவிழ்ப்பு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரே பல்லவி: "ஆகிலும் நீங்கள் என்னிடத்தில் திரும்பாமற்போனீர்கள்." ஐந்து முறை. கோபத்தைவிட ஏக்கம்தான் அதில் அதிகம் கேட்கிறது என்பது என் எண்ணம். பயிர் போனது, உயிர் போனது, ஆனால் அவர் எண்ணிக்கொண்டிருந்தது ஒன்றைத்தான், திரும்பினார்களா இல்லையா என்று.

எதிலிருந்து திரும்ப வேண்டும் என்பதும் ஆமோஸில் மங்கலாக இல்லை. ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றார்கள் (2:6), மரக்காலைக் குறைத்துக் கள்ளத்தராசு வைத்தார்கள் (8:5), வழக்கு விசாரிக்கும் ஊர்வாசலில் நியாயத்தைப் புரட்டினார்கள். கேட்ட வியாபாரி ஒவ்வொருவனுக்கும் தன் கடைத் தராசு நினைவுக்கு வந்திருக்கும். வராதவன் காதைப் பொத்திக்கொண்டவன்தான். அந்த ஜனம் திரும்பவில்லை. கி.மு. 722-இல் சமாரியா அசீரியர் கையில் விழுந்தது.

இப்போது யோபு. உங்கள் நிலைமைக்கு இந்தப் புத்தகம்தான் அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறேன், அதனால் இதில் கொஞ்சம் தங்கிவிடுகிறேன். யோபுவின் நண்பர்களைப் பற்றி நாம் கேலியாகப் பேசுவது வழக்கம். ஆனால் அவர்கள் பேசினதில் பாதி நல்ல வேதப் பிரசங்கம்! "இதோ, தேவன் தண்டிக்கிற மனுஷன் பாக்கியவான், சர்வவல்லவருடைய சிட்சையை அற்பமாக எண்ணாதிரும்" என்ற அருமையான வரி யோபு 5:17-இல் இருக்கிறது. நீதிமொழிகளில் இருப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இதைச் சொன்னது அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாஸ். அவன் சொன்ன உபதேசத்தில் தப்பில்லை. யோபுவின் தலையில் அதைக் கட்டியதுதான் தப்பு.

அதற்கப்புறம் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். முதல் பேச்சில் எலிப்பாஸ் மரியாதையாகத்தான் தொடங்குகிறான். நீர் அநேகருக்குப் புத்தி சொல்லி, தளர்ந்த கைகளைத் திடப்படுத்தினீரே என்கிறான். யோபு ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த பேச்சில் குரல் கடுமையாகிறது. 22-ஆம் அதிகாரத்துக்கு வரும்போது அவனே குற்றப்பட்டியல் தயாரித்துவிடுகிறான்: முகாந்தரமில்லாமல் அடகு வாங்கினீர், விடாய்த்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, விதவைகளை வெறுமையாய் அனுப்பினீர். இதில் ஒன்றுக்கும் சாட்சி இல்லை. முதல் அதிகாரத்தில் தேவனே யோபுவை உத்தமன் என்று சொல்லியிருக்கிறார். எலிப்பாஸுக்கு ஏன் இந்த அவசரம்? அவனுடைய சூத்திரப்படி இவ்வளவு பெரிய துன்பத்துக்கு ஒரு பெரிய பாவம் இருந்தே ஆக வேண்டும். கிடைக்கவில்லை என்றால் உண்டாக்க வேண்டும். உங்களிடம் "நன்றாக யோசித்துப் பாருங்கள், ஏதாவது இருக்கும்" என்று சொல்கிறவர்கள் இந்தப் பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கெட்ட எண்ணத்தோடு சொல்கிறார்கள் என்றும் நினைக்கவில்லை. ஏழு நாள் யோபுவோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தவர்களும் இதே நண்பர்கள்தான். அந்த ஏழு நாள்தான் அவர்கள் செய்த நல்ல ஊழியம்.

முடிவில் கர்த்தர் எலிப்பாஸைப் பார்த்து, நீங்கள் என் தாசனாகிய யோபு பேசினதுபோல என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார் (42:7). பலி செலுத்த வேண்டியவர்கள் நண்பர்கள். அவர்களுக்காக ஜெபிக்க வேண்டியவன் யோபு. "ஆனால் யோபுவும் தூளிலும் சாம்பலிலும் இருந்து மனஸ்தாபப்பட்டானே?" என்று கேட்கலாம். உண்மை, 42:6-இல் அப்படியே இருக்கிறது. எதற்காக என்பது மூன்று வசனத்துக்கு முன்னால் இருக்கிறது: தனக்குத் தெரியாததையும் புத்திக்கு எட்டாததையும் அலப்பினேன் என்பதற்காக. பிள்ளைகளையும் ஆஸ்தியையும் இழந்ததற்கு இதுதான் காரணம் என்று எதையும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. தேவனும் அப்படி எதையும் அவனிடம் கேட்கவில்லை.

44-ஆம் சங்கீதத்தையும் சேர்த்து வாசியுங்கள். யுத்தத்தில் தோற்று, அயலாருக்கு நிந்தையாகிப்போன ஜனத்தின் ஜெபம் அது. இதெல்லாம் எங்கள்மேல் வந்திருந்தும் உம்மை நாங்கள் மறக்கவில்லை, உம்முடைய உடன்படிக்கைக்குத் துரோகம் பண்ணவில்லை என்று தேவனிடமே சொல்கிறார்கள். இந்த ஜெபம் வேதத்துக்குள் இடம் பெற்றிருக்கிறது. அப்படிச் சொல்ல உங்களுக்கும் அனுமதி உண்டு.

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்தது. பிலாத்து சில கலிலேயரைக் கொன்று அவர்களுடைய இரத்தத்தைப் பலிகளோடே கலந்தான் என்ற செய்தியைக் கொண்டுவந்து சொன்னார்கள். அதற்கு அவர், சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரையும் தாமே சேர்த்துக்கொண்டு, அவர்கள் மற்ற எல்லாரையும்விடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும். "நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்" என்றும் சொன்னார் (லூக்கா 13:5). யாருக்குச் சொன்னார்? கோபுரம் விழாதவர்களுக்கு. சுகமாக நின்று செய்தி பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு. மனந்திரும்புதலின் அழைப்பு கஷ்டப்படுகிறவரைத் தேடிப் போகும் தனி நோட்டீஸ் அல்ல, அங்கே நின்ற அத்தனை பேர்மேலும் ஒரேபோல விழுந்தது. தொடர்ந்து அவர் சொன்ன அத்திமர உவமையில் மூன்று வருடமாகக் கனி தேடிக் கிடைக்காத எஜமான், வெட்டிவிடு என்கிறான். தோட்டக்காரன் இன்னும் ஒரு வருடம் கேட்கிறான், சுற்றிலும் கொத்தி எரு போட. அந்த மரத்துக்குக் கிடைத்தது அவகாசமும் கவனிப்பும்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்கு எழுதிய கடிதங்களை இந்தக் கண்ணோடு ஒருதரம் வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஐந்து சபைகளுக்கு மனந்திரும்பும்படியான அழைப்பு இருக்கிறது: எபேசு, பெர்கமு, தியத்தீரா, சர்தை, லவோதிக்கேயா. இரண்டுக்கு இல்லை: சிமிர்னா, பிலதெல்பியா. சிமிர்னா எப்படிப்பட்ட சபை? உபத்திரவமும் தரித்திரமும் உள்ள சபை, சிலர் சிறைக்குப் போகப்போகிறார்கள். பிலதெல்பியாவுக்குக் கொஞ்சப் பெலன்தான் இருந்தது. பெரிதாகக் கண்டிக்கப்பட்ட லவோதிக்கேயாவோ, ஐசுவரியவான், திரவியசம்பன்னன், எனக்கு ஒரு குறைவுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த சபை. அந்த ஊரே அப்படித்தான். கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது ரோமின் உதவி இல்லாமல் சொந்தப் பணத்தில் எழுப்பிக்கொண்டதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறித்திருக்கிறார். "நான் நேசிக்கிறவர்களெவர்களோ அவர்களைக் கடிந்துகொண்டு சிட்சிக்கிறேன், ஆகையால் நீ ஜாக்கிரதையாயிருந்து, மனந்திரும்பு" என்ற வசனம் (3:19) அந்த வசதியான சபைக்கு எழுதப்பட்டது. கஷ்டத்தை வைத்துப் பாவத்தை அளக்கிறவர்கள் ஏழு சபைகளையும் பார்த்திருந்தால், சிமிர்னாவிடம் போய் மனந்திரும்பச் சொல்லிவிட்டு லவோதிக்கேயாவை வாழ்த்தியிருப்பார்கள்.

ஒருவேளை உங்களுக்கு உண்மையிலேயே ஒரு குறிப்பிட்ட பாவம் மனதில் படலாம். அப்படியானால் சுற்றி வளைக்க வேண்டாம். ஆவியானவர் உணர்த்துவதற்கும் வெறும் குற்ற உணர்ச்சிக்கும் வித்தியாசம் பார்க்க ஒரு வழி உண்டு. உணர்த்துதல் பெயர் சொல்லும்: இந்த ஆளிடம் சொன்ன பொய், இந்தப் பணம், இந்த உறவு, இந்தக் கசப்பு. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லவைத்த தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்தபோது, தாவீது "எதைச் சொல்கிறீர்?" என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. உரியாவின் பெயரே போதுமாயிருந்தது. மாறாக, ஏதோ தப்பு, எங்கேயோ தப்பு, நீயே தப்பு என்று இரவெல்லாம் சுற்றுகிற குரலுக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. கொரிந்துவில் சபை கண்டித்த ஒரு மனிதனைப் பற்றி பவுல் பிற்பாடு எழுதும்போது, போதும், இனி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகக்கூடாது, சாத்தானாலே மோசம்போகக்கூடாது என்கிறார் (2 கொரிந்தியர் 2:6-11). சிட்சைக்கும் ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டினால் லாபம் யாருக்கு என்பது பவுலுக்குத் தெரிந்திருந்தது.

மனந்திரும்புதல் என்பது அழுகையின் அளவு அல்ல. "நான் பாவஞ்செய்தேன்" என்று சவுலும் சொன்னான், தாவீதும் சொன்னான். சவுல் முதலில் ஜனங்கள்மேல் பழி போட்டான், அப்புறம் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்ட கையோடு, மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேலிடம் கேட்டான் (1 சாமுவேல் 15:30). அவனுக்குப் பயம் பதவியைப் பற்றி. தாவீது ஒரு வரி சொன்னான், சாக்கு சொல்லவில்லை. பார்வோன்கூட "பாவஞ்செய்தேன்" என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறான், ஒருதரம் கல்மழை பெய்யும்போது, ஒருதரம் வெட்டுக்கிளி வந்தபோது. கல்மழை நின்றதும் மனதும் பழையபடி கடினமானது. ஆகாஸ் ராஜா அதைவிட மோசம், நெருக்கப்பட்ட காலத்திலும் இன்னும் அதிகமாகத் துரோகம் பண்ணினான் (2 நாளாகமம் 28:22). ஆகவே அடி விழுந்தால் ஆள் திருந்திவிடுவான் என்று வேதமே நம்பவில்லை. மனாசே ராஜா விலங்கோடு பாபிலோனுக்குப் போன பிறகு தாழ்த்திக்கொண்டான் என்பது உண்மை. மீன் வலை கிழியக் கிழிய நிறைந்தபோது பேதுரு இயேசுவின் முழங்காலில் விழுந்து, நான் பாவியான மனுஷன் என்று சொன்னதும் உண்மை. அவனை உடைத்தது நஷ்டமல்ல, லாபம். தேவனுடைய தயவே குணப்படும்படி ஏவுகிறது என்று ரோமர் 2:4 சொல்வதும் இதைத்தான்.

செய்ய வேண்டியது என்ன என்று ஜனங்கள் யோவான்ஸ்நானனிடம் கேட்டபோது, அவன் சொன்ன பதில்கள் ரொம்பச் சாதாரணமாக இருக்கும். இரண்டு அங்கி வைத்திருக்கிறவன் இல்லாதவனுக்கு ஒன்று கொடு. ஆயக்காரனே, கட்டளையிட்டதற்கு மிஞ்சி வாங்காதே. போர்ச்சேவகனே, மிரட்டாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்று இரு. சகேயு பாதி ஆஸ்தியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகவும் கொடுத்தான். எண்ணாகமம் 5:7 கேட்டது முதலோடு ஐந்தில் ஒரு பங்கு மட்டும்தான். பாவ அறிக்கையோடு நின்றுவிடாமல், கெடுத்ததைச் சரி பண்ண முடிந்த இடத்தில் சரி பண்ணுங்கள். அப்புறம், மன்னிப்பு கிடைத்தது என்று நம்பி எழுந்திருங்கள். நாத்தான் தாவீதுக்கு மன்னிப்பை அதே இடத்தில் சொன்னான்.

இங்கே ஒரு கடினமான விஷயத்தைத் தாண்டிப்போக முடியாது. மன்னிப்புக்குப் பிறகும் தாவீதின் குழந்தை இறந்தது, வீட்டில் பட்டயம் விலகவில்லை. மன்னிப்பு வேறு, விளைவுகள் வேறு என்று விளக்குவார்கள். தாவீதின் மகன்கள் அம்னோன், அப்சலோம் கதைக்கு அது பொருந்தும், ஏனென்றால் தகப்பன் செய்ததையே பிள்ளைகள் செய்தார்கள். குழந்தையின் மரணத்துக்கு அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. அதை வாசிக்கும்போது வலி குறைவதே இல்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: அந்த வார்த்தை ஒரு தீர்க்கதரிசி மூலம், ஒரு ராஜாவுக்கு, ஒரு குறிப்பிட்ட கொலைக்காக வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பிள்ளையை இழந்த ஒரு வீட்டுக்குப் போகிறவர் நாத்தான் அல்ல, எலிப்பாஸ்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது: 139-ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்களைச் சொந்த ஜெபமாக வையுங்கள், "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." தேடும் வேலையை அவரிடம் கொடுத்துவிடுகிற ஜெபம் அது. அவர் ஏதாவது காட்டினால் அதற்கு மனந்திரும்புங்கள். காட்டவில்லை என்றால் உங்களுடைய ஆராய்ச்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, மருந்தையும் தூக்கத்தையும் ஜெபத்தையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளுங்கள். துன்பப்படுகிறவன் ஜெபிக்கட்டும், வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைக்கட்டும் என்றுதான் யாக்கோபு சொல்கிறார். அங்கேயும் "அவன் பாவஞ்செய்தவனானால்" என்று ஒரு "ஆனால்" போட்டே எழுதினார் (5:15).

உங்களோடு ஜெபிக்கிற அந்த நண்பர்களுக்கும் ஒரு விஷயம் காட்டலாம். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி பலவீனம் வந்தது, பவுல் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னார். துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவந்தேன் என்று ஒரு வரியில் எழுதினார். எப்பாப்பிரோதீத்து சாகிற அளவுக்கு வியாதிப்பட்டான். அவனைப் பிலிப்பி சபைக்குத் திருப்பி அனுப்பும்போது பவுல் கொடுத்த அறிவுரை: கர்த்தருக்குள் மிகுந்த சந்தோஷத்தோடே அவனை ஏற்றுக்கொண்டு, இப்படிப்பட்டவர்களைக் கனமாயெண்ணுங்கள் (பிலிப்பியர் 2:29). இந்த மூன்று பேரில் ஒருவரிடமும் அவர் என்ன பாவம் என்று விசாரிக்கவில்லை.